ஒரு கண்ணுக்குச் சுர்மா

மருதமுனை
6.7.2025

அன்புள்ள றஹீமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இது நான் எழுதும் முதல் கடிதம். அறுபத்தொன்பது வயதில் எழுதுகிறேன். பக்கத்தில் இருந்து யாரும் சொல்லித்தரவில்லை. மத்தியானம் லுகர் தொழுதுவிட்டு உட்கார்ந்தேன். இப்போது பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்கிறார்கள். இவ்வளவுதான் வந்திருக்கிறது. ஆனாலும் பார், எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று சாயவில்லை. நாற்பது வருடம் கல்முனைச் சந்தையில் மூட்டை அடுக்கியவனுக்கு எழுத்தை அடுக்க ஒன்றரை வருடம் பிடித்திருக்கிறது. பரவாயில்லை.

நீ போய் ஒன்பது நாள். தொலைபேசியை எடுக்கிறாயில்லை. கத்தாரிலிருந்து மகள் அப்னா எடுத்து, "என்ன வாப்பா, நீங்களும் உம்மாவும் சின்னப்புள்ளயளா?" என்று கேட்டாள். நான் சிரித்தேன்.

கைருன்னிஸா டீச்சர் முதியோர் வகுப்பில் என் கொப்பியைத் தூக்கி எல்லாருக்கும் காட்டிவிட்டு ஒரு பேனை பரிசு தந்தார். அதைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு வந்தது உண்மை. சோறு தின்னும்போது எடுத்துப் பார்த்ததும் உண்மை. அதற்காக ஒரு பெண் பெட்டி கட்டிக்கொண்டு அக்கரைப்பற்றிலுள்ள கூடப்பிறந்த காக்கா வீட்டுக்குப் போவாளா?

இன்னொன்றும் விளங்கவில்லை. வீடு உன்னுடையது. உன் வாப்பா உனக்குச் சீதனமாக எழுதித் தந்தது. நம் பக்கத்தில் சண்டை என்றால் ஆம்பிளைதான் சாரனைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறுவான். நீ ஏன் வெளியேறினாய்? அயலில் கேட்கிறார்கள். வெட்கமாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் பெருமையாகவும் இருக்கிறது.

உன் காக்காவின் மகன் றிபாஸ் தினமும் கல்முனை வங்கிக்கு வேலைக்கு வருகிறானே, அவனிடம் இதைக் கொடுக்கிறேன். "நாப்பத்தஞ்சு வயசுல தபால்காரன் வேலயும் கிடச்சிட்டு" என்று முறைக்கிறான்.

உன்
சீனிமுகம்மது


அக்கரைப்பற்று
8.7.2025

மச்சானுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். ஸலாமுக்குப் பதில் சொல்வது கடமை, அதனால் சொன்னேன். உங்களோடு கதைக்கமாட்டேன் என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன், எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் ஏன் வெளியேறினேன் என்று கேட்கிறீர்கள். உங்களை வெளியே அனுப்பியிருந்தால் எங்கே போயிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாதா? நூலகத்து மதிலோடு சாய்ந்துகொண்டு நிற்பீர்கள், வகுப்பு எப்போது தொடங்கும் என்று. இப்போது வீடும் கோழியும் உங்கள் தலையில். கட்டிப்போட்டு வந்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேனையைப் பற்றி நான் கதைக்கவில்லை. நாம் கலியாணம் முடித்த அடுத்த வருடம் ஒரு கொப்பி வாங்கி வைத்தேன். எட்டாம் வகுப்புப் படித்தவள் நான். "வாங்க, ஆனா ஆவன்னாவில தொடங்குவம்" என்றேன். "பொஞ்சாதிட்டயா பாடம் படிக்கிற?" என்று சிரித்துவிட்டு எழும்பிப் போனீர்கள். நாற்பத்து நாலு வருடமாக உங்களுக்கு வந்த கடிதம், கட்டின பில், மருந்துப் போத்தலில் ஒட்டின துண்டு எல்லாம் நான் வாசித்தேன். எனக்கு அலுக்கவில்லை. அது என்னுடைய இடம். இப்போது எவளோ ஒருத்தி வந்து அந்த இடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறாள். நான் கோபிக்கக் கூடாதாம்.

இன்சுலின் ஊசி காலையும் பின்னேரமும் யார் போடுகிறார்? வகுப்பில் ஒரு பழைய நேர்ஸம்மா இருக்கிறாவாம், கேள்விப்பட்டேன். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பதினொரு வருடம் நான் ஊசி போட்ட வயிறு அது. என் கை தவிர வேறு கை அதில் படக் கூடாது. பட்டால் நான் அந்த வீட்டுப் படி மிதிக்கமாட்டேன்.

றஹீமா


மருதமுனை
10.7.2025

அன்புள்ள றஹீமாவுக்கு,

உன் கடிதத்தை நானே வாசித்தேன். ஒரு சொல்லுக்கும் யாரிடமும் போகவில்லை. "பாய் விரித்து" என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன், அவ்வளவுதான்.

அல்லாஹ்வே, என்ன கோபம்! இந்த வயதில் என்மேல் ஒருத்தி சந்தேகப்படுகிறாள். அறுபத்தொன்பது வயது, முன்பல் இரண்டு இல்லை, மூட்டை தூக்கித் தூக்கி ஒரு தோள் இறங்கிப் போனவன். சந்தையில் என்னோடு வேலை செய்தவர்களில் ஒருவனுக்கும் இந்தப் பாக்கியம் இல்லை. அவர்கள் செத்தால்கூட பொஞ்சாதிமார் எங்கே போனான் என்று கேட்கமாட்டார்கள். உன் கடிதத்தை மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

ஊசியைப் பற்றிக் கேட்டாய். நீ போட்ட சட்டப்படி ஒரு கையும் என் வயிற்றில் படவில்லை. நேர்ஸம்மா தானாகவே கேட்டார். "றஹீமா விடமாட்டா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

சமையல் நடக்கிறது. இரண்டு நாள் கடையில் பராட்டா. அயலில் சீதா வீட்டில் தந்த இனிப்புத் தொதல் ஒரு துண்டு. ஒரு துண்டு என்றால் நம்பமாட்டாய், ஆனாலும் எழுதுகிறேன். மூக்கு இடது பக்கம் அடைத்துக்கொண்டு கிடக்கிறது. கோழிக்கூட்டு வைக்கோல் தூசியாக இருக்கும். தாகம்தான் தாங்க முடியவில்லை. குடத்தோடு குடிக்கிறேன்.

உன்
சீனிமுகம்மது


அக்கரைப்பற்று
13.7.2025

மச்சானுக்கு,

றிபாஸ் வேலை முடிந்து வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். "மாமா எப்பிடி இரிக்காரு?" என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன். "அவருக்கென்ன மாமி, புதுமாப்பிள மாதிரி இரிக்காரு. கண்ணுக்குச் சுர்மாவெல்லாம் போட்டு" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தவன், மிச்சத் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போய்விட்டான்.

நீங்கள் வெள்ளிக்கிழமைகளில் இடுகிற சுர்மா, என் மூத்த ராத்தா மக்காவிலிருந்து கொண்டுவந்த போத்தல். அது இப்போது என் பெட்டிக்குள் கிடக்கிறது. வரும்போது வேண்டுமென்றே எடுத்து வந்தேன். வீட்டில் வேறு சுர்மா இல்லை. கடையில் போய் சுர்மா வாங்குகிற ஆள் நீங்கள் இல்லை. நான் இல்லாவிட்டால் சவர்க்காரமே வாங்கத் தெரியாது.

அப்படியென்றால் அது யாருடைய சுர்மா? யாருடைய வீட்டில் இருந்து வந்தது? இட்டுவிட்டது யார்?

மறைக்காமல் எழுதுங்கள். எழுதத்தான் படித்திருக்கிறீர்களே.

றஹீமா


மருதமுனை
14.7.2025

அன்புள்ள றஹீமாவுக்கு,

சுர்மா யாருடையது என்று கேட்டிருக்கிறாய். இதற்கு நான் பதில் எழுதப் போவதில்லை. நீ இன்னும் ஒரு கடிதம் திட்டி எழுத வேண்டும். உன் திட்டை வாசிப்பது எனக்கு இப்போது பெருநாள் மாதிரி.

வகுப்பிலும் கேட்டார்கள். "என்ன சீனிக்காக்கா, மாமியார் வீட்டுக்குப் போற மாதிரி?" எல்லாருக்கும் சிரிப்பு. கைருன்னிஸா டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு நாளாகவே என்னை உற்று உற்றுப் பார்க்கிறார். முகம் வீங்கியிருக்கிறது, டொக்டரிடம் போங்கள் என்றார். போனேன். மருந்துக் கடையோடு இருக்கிற ஒரு டிஸ்பென்சரி. மூக்கடைப்பு, பீனிசம் என்று குளிசை தந்தார்கள். "சுர்மாவா?" என்று அங்கிருந்த டொக்டரும் கேட்டார். தலையை ஆட்டினேன்.

இடது கன்னம் விறைத்துப் போய்க் கிடக்கிறது. பல் பிடுங்க ஊசி போட்டால் விறைக்குமே, அப்படி. சோறு வாயிலிருந்து விழுவது தெரியவில்லை, கோழி வந்து கொத்தும்போதுதான் தெரிகிறது. தலையிடி. கொப்பியில் ஒரு கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு தெரிகிறது. எந்தக் கோட்டில் எழுதுவது என்று பிடிபடாததால் இந்தக் கடிதம் இப்படி ஏறி இறங்கியிருக்கிறது. டீச்சரிடம் காட்டினால் பேனையைத் திருப்பிக் கேட்பார்.

உன் கோபம் குறையாமல் இருக்க துஆச் செய்கிறேன்.

உன்
சீனிமுகம்மது


அக்கரைப்பற்று
15.7.2025

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். றிபாஸைக் கூப்பிட்டு நிறுத்திக் கேட்டேன்.

"எந்தக் கண்ணில சுர்மா?"

"இடது கண்ணில மாமி."

"மத்தக் கண்?"

"அதில இல்ல போல."

"இல்லயா, இல்ல போலயா?"

"இல்ல மாமி. இடதுலதான். கண்ணுக்குக் கீழ, மூக்கோட சேந்தாப்பில."

அடுத்தவளுக்காக அழகு பார்க்கிற ஆம்பிளை ஒரு கண்ணோடு நிறுத்தமாட்டான். அப்படி ஒரு கண்ணுக்கு மட்டும் இட்டுவிடுகிற பெண்ணும் உலகத்தில் இல்லை.

இதோடு ஒரு வெள்ளைக் கைக்குட்டை அனுப்புகிறேன். றிபாஸின் முன்னால் சவர்க்காரம் போட்டு முகத்தைக் கழுவி, அந்தக் கறுப்பை இந்தத் துணியால் அழுத்தித் துடைத்து, துணியை எனக்கு அனுப்புங்கள். அவனையே துடைக்கச் சொல்லியிருக்கிறேன். உங்களை நான் நம்பவில்லை.

றஹீமா


மருதமுனை
16.7.2025

றஹீமா,

துணியை அனுப்புகிறேன். வெள்ளையாகவே இருக்கிறது. றிபாஸ் தேய்த்தான். கறுப்பு வரவில்லை.

நான் சுர்மா இடவில்லை. நீ பொறாமைப்படட்டும் என்று சும்மா இருந்தேன்.

ஊசியும் போடவில்லை. நீ போனதிலிருந்து. வேறு கை படக் கூடாது என்று சொன்னாய். எனக்குப் போடத் தெரியாது.

இடது கண் திறக்க மாட்டேன் என்கிறது. கோபிக்காதே.


காத்தான்குடி
24.7.2025

மச்சானுக்கு,

நடந்தது ஒன்றும் நினைவில்லை, றஹீமாவை எழுதச் சொல்லு என்று றிபாஸிடம் எழுதிக் கேட்டீர்களாம். ஆஸ்பத்திரியில் ஆம்பிளைகள் வாட்டில் எனக்கு நாலு மணிக்கு ஒரு மணித்தியாலம்தான் தருகிறார்கள். அந்த நேரம் உங்களைப் பார்க்கவே போய்விடுகிறது. மற்ற நேரம் இங்கே காத்தான்குடியில் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறேன். அதனால் எழுதுகிறேன். மேல் அண்ணத்தில் ஒரு பக்கத்தை எடுத்திருக்கிறார்கள். அதுதான் நீங்கள் கதைப்பது வெளியே வராமல் மூக்கால் போகிறது. தையல் ஆறும் வரை வாயைத் திறந்து முயற்சி செய்யவேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார்.

அன்று றிபாஸ் கைக்குட்டையை என் கையில் தந்தான். விரித்துப் பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மச்சான், என் வாழ்நாளில் நான் கேட்காத துஆ ஒன்றை அன்று கேட்டேன். ஒரு கோடாவது கறுப்பு இருக்கட்டும், இன்னொருத்தியின் சுர்மாவாகவே இருக்கட்டும் என்று கேட்டேன்.

உடனே றிபாஸின் மோட்டார் சைக்கிளில் ஏறினேன். இந்த உடம்போடு. நீங்கள் கட்டிலில் கிடந்தீர்கள். மூச்சில் பழுத்த பழம் போல ஒரு வாடை. கல்முனையில் பார்த்தவுடனேயே அம்புலன்ஸில் ஏற்றி மட்டக்களப்புக்கு அனுப்பினார்கள். சீனி ஐந்நூற்றுப் பத்து, இரத்தம் புளித்துப் போயிருக்கிறது என்றார்கள்.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் காது மூக்கு டொக்டர் நிதர்சன் என்று ஒரு பிள்ளை. திருக்கோவில் ஊர். மூக்குக்குள் கமரா விட்டுப் பார்த்தார். உள்ளே கரி பிடித்த சட்டி மாதிரி இருந்ததாம். ஒரு துண்டு கிள்ளியெடுத்து, கண்ணாடித் துண்டில் வைத்து மருந்து விட்டு, தானே கொண்டு ஓடினார். ஒரு மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். நான் அவரை விடவில்லை. "தம்பி, என்னண்டு எனக்கு விளங்கிறமாதிரிச் சொல்லுங்க" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்.

"அம்மா, பழைய பாண்ல பூஞ்சணம் பிடிக்கும் பாத்திருக்கிறீங்களா? அந்த மாதிரி ஒண்டுதான். காத்தில, மண்ணில, வைக்கலில எல்லா இடமும் இருக்கு. எல்லாரும்தான் சுவாசிக்கிறம். எங்கள ஒண்டும் செய்யாது. ஆனா சீனி இப்பிடிக் கட்டுக்கடங்காமக் கூடிச்செண்டா அதுக்குச் சாப்பாடு கிடைச்ச மாதிரி. இரத்தக் குழாயை அடைச்சுக்கொண்டு போகும். இரத்தம் போகாத இடம் செத்துக் கறுக்கும். கண்ணுக்குக் கீழ நீங்க கண்டது அதுதான். வளத்துப் பாத்து முடிவு வர நாளெடுக்கும். அதுவரைக்கும் நான் பாத்துக்கொண்டிருக்கமாட்டன். இது மணித்தியாலக் கணக்கில நடக்கிற வருத்தம்."

அன்று மாலையே வெட்டினார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும். அம்போட்டெரிசின் என்று ஒரு மருந்து, வெளிச்சம் படாமல் கறுத்த உறை போட்டு ஏற்றுகிறார்களே, அதுதான். அதன் பெயரைப் பாடமாக்கிவிட்டேன்.

ஊசிக்கு நான் போட்ட சட்டத்தை நானே கிழித்துவிட்டேன். யார் வேண்டுமானாலும் போடட்டும். அதைப் பற்றி வேறு எழுத என்னால் முடியாது. கேட்காதீர்கள்.

இப்போது இடது கண்ணை எடுக்க வேண்டும் என்கிறார்கள். நீங்கள் தலையை ஆட்டி மறுத்துவிட்டீர்களாம். ஏன்?

றஹீமா


வாட்டு
25.7.2025

அன்புள்ள றஹீமாவுக்கு,

மெதுவாக எழுதுகிறேன். கையில் ஊசி குத்தியிருக்கிறது. மருந்து ஏறத் தொடங்கினால் குளிர் நடுக்கம் வருகிறது. நடுக்கத்துக்கும் நடுக்கத்துக்கும் இடையில் எழுதுவது இது.

ஏன் என்று கேட்டாய். நீ முதல் கடிதத்தில் உன் இடத்தைப் பற்றி எழுதினாய். நான் என் கதையை எழுதுகிறேன்.

நீ பத்திரிகை வாசிக்கும்போது சில நேரம் தனியாகச் சிரிப்பாய். "என்ன புள்ள?" என்று கேட்பேன். "ஒண்டுமில்ல, சொன்னா விளங்காது" என்பாய். நாற்பத்து நாலு வருடம். எனக்கு அந்தப் பத்திரிகையின் மேல் எவ்வளவு பொறாமை என்று உனக்குத் தெரியாது. ஒரு நாள் நீ குளிக்கப் போனதும் அதே பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. நீ எதைப் பார்த்துச் சிரித்தாய் என்று தேடித் தேடிப் பார்த்தேன். அப்போது எனக்கு ஐம்பது வயது இருக்கும்.

உன்னிடம் படித்திருக்கலாம்தான். ஆனால் நான் பிழையாக எழுதுவதை நீ பார்ப்பாய். வேறு யார் முன்னாலும் பிழை விடுவேன். உன் முன்னால் முடியவில்லை. இதுதான் கைருன்னிஸா டீச்சரின் கதை. இதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. நீ சந்தேகப்படுவது நன்றாக இருந்தது, அதனால் இதை முன்பே சொல்லவில்லை.

இப்போதுதான் எல்லாம் தெளிவாக வாசிக்கிறேன். இவர்கள் கண்ணை எடு என்கிறார்கள். எடுத்தால் குழி. அதோடு மற்றதும் மங்கினால்? மறுபடியும் எறும்புக்குப் போக என்னால் முடியாது. நான் இருக்கிற வரை இரண்டு கண்ணோடும் இருக்கிறேன். அல்லாஹ் விட்ட வழி.

இன்னொன்று. உன் கடிதத்தில் அந்த டொக்டர் தம்பியின் புராணம் ஒரு பக்கம் நிறைந்து கிடக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்தாராம், சொன்னாராம். நான் கட்டிலில் செத்துக்கொண்டு கிடக்கும்போது.

உன்
சீனிமுகம்மது


காத்தான்குடி
26.7.2025

மச்சானுக்கு,

நேரம் இல்லை, கேளுங்கள்.

நீங்கள் காவல் இருக்கிற கண் போய்விட்டது. நேற்று நாலு மணிக்கு நான் உங்கள் வலது கண்ணைக் கையால் மூடினேன் அல்லவா, விளையாட்டுக்கு என்று நினைத்தீர்கள். டொக்டர் சொல்லித்தான் மூடினேன். அவர் இடது கண்ணுக்கு நேரே டோர்ச் அடித்தார். நீங்கள் "எப்ப லைட் போடுவீங்க?" என்பது மாதிரிக் கையைக் காட்டினீர்கள். அது எரிந்துகொண்டிருந்தது. நான் அதற்குப் பிறகு வெளியே போய்விட்டேன். பேத்தி அழைப்பு எடுத்தாள் என்று பொய் சொன்னேன்.

வலது கண்ணில் ஒன்றும் இல்லை. அது நன்றாக இருக்கிறது. கண் டொக்டரிடம் இரண்டு தரம் கேட்டேன். செத்த கண்ணுக்குப் பின்னால் அந்தப் பூஞ்சணம் இருக்கிறது. அதற்குப் பின்னால் மூளை. நாளைக் காலை ஏழு மணிக்குக் கொண்டுபோனால் வழி இருக்கிறது. அதற்குப் பிறகு அவர்களுக்கும் தெரியாது. எடுத்தாலும் பிழைப்பது நிச்சயம் என்று அவர்கள் சொல்லவில்லை. எடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை மட்டும் நிச்சயமாகச் சொன்னார்கள்.

முகம் எப்படி இருக்கும் என்று யோசிக்கிறீர்கள் என்றால், நன்றாக இருக்காது. அது எனக்கு வசதி. வேறு ஒருத்தியும் திரும்பிப் பார்க்கமாட்டாள்.

ஒரு டீச்சரிடமே உங்களை விட மனமில்லாதவள் நான். மண்ணிடம் விட்டுவிடுவேன் என்று நினைத்தீர்களா? அது வாங்கினால் திருப்பித் தராது. அதன்மேல் எனக்கு இருக்கிற பொறாமைக்கு முன்னால் மற்றதெல்லாம் தூசி.

சம்மதத் தாளை றிபாஸ் கொண்டுவருவான். கையெழுத்துப் போடுங்கள். போடாவிட்டால் நான் காவலாளியைத் தள்ளிவிட்டு உள்ளே வந்து எல்லாருக்கும் முன்னால் அழுவேன். நான் அழுவதை நீங்கள் பார்த்ததில்லை. பார்க்க வேண்டாம்.

பத்திரிகையில் நான் எதற்குச் சிரித்தேன் என்று பிறகு சொல்கிறேன். உயிரோடு வந்தால் சொல்வேன்.

றஹீமா


வாட்டு
12.8.2025

அன்புள்ள றஹீமாவுக்கு,

ஒரு கண்ணால் எழுதுகிறேன். முதல் இரண்டு நாள் பேனை தாளில் படும் என்று வைத்தால் காற்றில் நின்றது. தூரம் பிடிபடவில்லை. இப்போது இடது கை விரலைத் தாளில் வைத்து, அதன்மேல் பேனையை இறக்கிப் பிறகு எழுதுகிறேன். இந்த உபாயத்தை நானே கண்டுபிடித்தேன். கண் டொக்டரிடம் காட்டினேன். அவர் தன் மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். ஆறு பேர் சுற்றி நின்று நான் எழுதுவதைப் பார்த்தார்கள்.

கண்ணாடியில் முகத்தைப் பார்த்தேன். நீ சொன்னது சரி.

தினமும் இரத்தம் எடுக்கிறார்கள். இந்த மருந்து பூஞ்சணத்தையும் கொல்லுமாம், விட்டால் சிறுநீரகத்தையும் கொல்லுமாம். அதனால் பார்த்துப் பார்த்து ஏற்றுகிறார்கள். பொட்டாசியம் இறங்குகிறது என்று ஒரு பாணி மருந்து தருகிறார்கள், கடல்தண்ணியில் கசாயம் கரைத்த மாதிரி. நேற்று மூக்குக்குள் மறுபடியும் கமரா விட்டார்கள். சிவப்பாக இருக்கிறதாம். சிவப்பு நல்லதாம். டொக்டர் நிதர்சன் என் தோளில் தட்டி, "பேர்லயே சீனிய வச்சுக்கொண்டு என்ன பாடுபடுத்திப்போட்டீங்க ஐயா" என்றார். நல்ல பிள்ளைதான். ஆனால் அவரைப் பற்றி நீ இனி எழுத வேண்டாம்.

பக்கத்துக் கட்டில்காரருக்குப் பத்திரிகை வாசித்துக் காட்ட முடியவில்லை, வாய் இல்லையே. அதனால் முக்கியமான இடத்தில் விரலை வைத்துக் காட்டுகிறேன். அவருக்கும் வாசிக்கத் தெரியாது. இருவரும் சேர்ந்து பார்க்கிறோம்.

உன்
சீனிமுகம்மது


காத்தான்குடி
28.8.2025

மச்சானுக்கு,

நேற்று கைருன்னிஸா டீச்சர் என்னைப் பார்க்க இங்கே வந்தா. ஒரு பெட்டி பிஸ்கட். சீனி போடாத பிஸ்கட்டாம், அதையும் யோசித்து வாங்கியிருக்கிறா. எழும்பிப் போகச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அவ உட்கார்ந்தவுடன் உங்களைப் பற்றி முறைப்பாடு செய்யத் தொடங்கினா. "வகுப்புல ஒருத்தரையும் எழுத விடமாட்டாரு. ஒரே கத. வீட்டுப்பாடம் ஒருநாளும் செஞ்சதில்ல" என்றா. எனக்கு அவவைக் கொஞ்சம் பிடித்தது.

ஆனாலும் ஒன்றை என்னால் தாங்க முடியவில்லை. அதை எழுதாவிட்டால் எனக்குள்ளேயே கிடந்து புளிக்கும். முகம் வீங்கியதை அவ எனக்கு முன்னால் கண்டிருக்கிறா. டொக்டரிடம் போகச் சொல்லியிருக்கிறா. நான் அக்கரைப்பற்றில் உட்கார்ந்து சுர்மா, சுர்மா என்று எழுதிக்கொண்டிருந்தேன். உங்கள் உடம்பில் ஒன்று மாறினால் முதலில் காண வேண்டியவள் நான். நான் அங்கே இல்லை. இது அவவின் குற்றம் இல்லை என்று தெரியும். தெரிந்தும் பொறாமையாக இருக்கிறது. போகும்போது அவவின் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். மனதோடுதான் சொன்னேன். இரண்டும் சேர்ந்தே இருந்தது.

நாளைக்குப் பத்து மணிக்குப் பல் டொக்டர் அண்ணத்துக்குச் செய்த தட்டைப் பொருத்துவாராம். அந்த ஓட்டையை மூடினால் கதை சரியாக வரும் என்கிறார்கள். இனி ஏற்றுகிற மருந்தும் முடிகிறது. குளிசையோடு வீட்டுக்கு விடுவார்கள். மருதமுனைக்குத்தான் போகிறோம், என் வீட்டுக்கு. காக்காவிடம் சொல்லிவிட்டேன்.

இப்போது கேளுங்கள். ஊசி யார் வேண்டுமானாலும் போடட்டும். மருந்து யார் வேண்டுமானாலும் தரட்டும். ஆனால் நாற்பது நாளுக்குப் பிறகு வருகிற முதல் சொல். அதை டொக்டருக்கோ நேர்ஸ் மிஸ்மாருக்கோ றிபாஸுக்கோ கொடுத்தீர்கள் என்றால், நான் அறிந்தேன் என்றால், பாருங்கள். நாலு மணிக்கு நான் வருவேன்.

றஹீமா


வாட்டு
29.8.2025

அன்புள்ள றஹீமாவுக்கு,

பத்து மணிக்குத் தட்டைப் பொருத்தினார்கள். கச்சிதமாக இருக்கிறது. தண்ணி குடித்தேன், மூக்கால் வரவில்லை.

"பேரச் சொல்லுங்க பாப்பம் ஐயா" என்றார் பல் டொக்டர். நான் சொல்லவில்லை. "ஆ எண்டாவது சொல்லுங்க" என்றார். அதுவும் ஒரு சொல்தானே, யார் கண்டது? சொல்லவில்லை. அவர் தட்டைக் கழற்றி, ஓரத்தை அராவி, மறுபடி பொருத்தினார். "இப்ப?" நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மிஸ்மார் இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி என் கையைத் தடவி, "பயப்படாம கதைங்க வாப்பா" என்றாள். நல்ல பிள்ளை. கண்ணை மூடிக்கொண்டேன், இருக்கிற ஒன்றை. றிபாஸ் காதுக்குள் வந்து, "மாமா, ஒரு சொல்லுச் சொல்லித் துலைங்களன், நான் வேலைக்குப் போகோணும்" என்று கெஞ்சினான். பக்கத்துக் கட்டில்காரர் எனக்காக ஓதத் தொடங்கிவிட்டார்.

பதினொரு மணிக்கு டொக்டர் நிதர்சனையும் கூப்பிட்டார்கள். அவர் முகம் வாடிப் போயிற்று. தொண்டையில் நரம்பு ஏதும் போயிருக்குமோ என்று ஆங்கிலத்தில் கதைத்தார்கள். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் அந்த முகம் விளங்கியது. எழுதிக் காட்டியிருக்கலாம். ஆனால் பொஞ்சாதி சொல்லியிருக்கிறாள் என்று ஆறு டொக்டர்மாருக்கு முன்னால் எப்படி எழுதிக் காட்டுவது?

இப்போது மணி ஒன்று. தட்டை மூன்றாம் தரமும் கழற்றப் போகிறார்கள். இரண்டரைக்குத் தலையை ஸ்கான் பண்ணக் கொண்டுபோவார்களாம். இதை றிபாஸிடம் கொடுத்து மோட்டார் சைக்கிளில் அனுப்புகிறேன்.

நாலு மணி என்று பார்த்துக்கொண்டிராதே. வாசலில் காவலாளி மறித்தால் சண்டை பிடித்துக்கொண்டு உள்ளே வா. நான் வாயைத் திறக்காமல் இருக்கிறேன்.

உன்
சீனிமுகம்மது